சாவுக்கா, காலுக்கா?

கையக் கீழ போடு தாயி. எதுக்கு அந்த ஐஸ் வண்டியக் கும்பிட்ட? யாரோ போயிட்டாகன்னு நெனச்சியாக்கும்? அது முக்குல இருக்குற சர்பத் கடைக்குப் போகுது. நீ தெருவுக்குப் புதுசு, ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. சாத்தூரு, சிவகாசி, எங்க போனாலும் வீட்டு வாசல்ல ஐஸ் கட்டி எறங்குச்சுன்னா அது பொணத்துக்குத் தான். இப்பக் கண்ணாடிப் பொட்டி வந்துருச்சு, வயரச் சொருகிவிட்டாச் சோலி முடிஞ்சது. அப்பல்லாம் வெளியூரு மகன் வந்து சேருற வரைக்கும் ஐசுல தான் கெடத்தி வைப்பாக. ஆனா நம்ம தெருவுல ஐசப் பாத்த ஒடனே யாரும் அழ மாட்டோம். கேட்டுக்கிட்டுத் தான் அழுவோம். ஒருக்கா அழுது பட்ட அவமானம் போதும்.

உக்காரு. அந்த மொச்சைய இங்கிட்டுத் தள்ளு, உரிச்சுக்கிட்டே சொல்லுறேன். குழாய்ல தண்ணி வர்ற வரைக்கும் வேற என்ன சோலி.

எதுத்தாப்புல பூட்டிக் கெடக்குல்ல, அந்த வீட்டுக்கு மருமகளா ஒரு புள்ள வந்துச்சு. கவர்மெண்டுல கலர் டிவி குடுத்தாகளே, அதுக்கு முந்தியோ பிந்தியோ. மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காட்டுக்காரப் புள்ள. பருத்திமாரு மாதிரி ஒல்லி, ஆனா காலு மட்டும் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். பேரு என்னத்துக்கு ஒனக்கு? தெருவே அவள ‘செஞ்சு பாத்தவ’ன்னு தான் சொல்லும். எதச் சொன்னாலும் அவ வாயில மொத வார்த்த அது தான். “செஞ்சு பாத்துருவமே சின்னத்தே!”

அவ மாமியா எனக்கு மயினி மொற. அதனால நான் அவளுக்குச் சின்னத்தே.

வந்த புதுசுல ஒரு நாளு தோசக் கல்லுல கைய வச்சுட்டா. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் சுட்டுப்போச்சு. நான் இட்லி மாவ எடுத்துக்கிட்டு ஓடுறேன். நம்ம ஊருல சுட்டுக்கிட்டா மாவு தான தடவுவோம், இல்ல பேனா மையி. கிட்டப் போனா, அந்தப் புள்ள அழுவல. “பொறுங்க சின்னத்தே. ஒரு வெரலுக்குத் தான் மாவு. இன்னொரு வெரல நான் தண்ணியில விடப் போறேன். எது கொப்புளிக்குதுன்னு பாத்துருவம்”ன்னா. ஒரு வெரலு மாவுல, ஒரு வெரலு மண்பானத் தண்ணியில. ரெண்டு வெரலையும் விரிச்சு வச்சுக்கிட்டு மரக்கட்டையில உக்காந்து பாக்கா, சினிமாப் பாக்குற மாதிரி. எனக்குச் சிரிப்பாணி பொறுக்கல. மறுநாளு வந்து காட்டுனா. மாவு வெரலு கொப்புளிச்சுப் போயி நிக்குது. தண்ணி வெரலு செவந்து கெடக்கு, அம்புட்டுத் தான்.

அதுல இருந்து நானும் மாவ விட்டுட்டேன். மாவு என்ன வெல விக்குது.

அப்படிப் பட்டவ ஒண்ணே ஒண்ண மட்டும் செஞ்சு பாக்க மாட்டேன்னுட்டா. மருந்து அடைக்கிற செட்டுக்கு வேலைக்குப் போக மாட்டா. வெடிக்குள்ள மருந்து ரொப்புறாகளே, அந்தச் செட்டு. அவளப் பெத்தவளுக்கு அங்க தான் ரெண்டு கையும் வெந்து, வெரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. சோத்தப் பெசைய முடியாது, கரண்டியில தான் திம்பாளாம். இங்க மயினிக்கு அதே செட்டுல தான் வேல. மகனுக்கு அதே கம்பெனியில லோடு ஏத்துற வேல. மருமகளும் வந்தா வீடு நிமிந்துரும்னு மயினி நெனச்சா. இவ போலீசு வேலைக்கு ஓடிக்கிட்டு இருந்தா.

ஓடுறதுன்னா சும்மா ஓட்டமா? விடியக்கால கம்பெனி பஸ்சு பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் போகும்ல, அது கூடவே ஓடுவா. நைட்டி மேல புருசன் சட்டைய மாட்டிக்கிட்டு, தலைய இறுக்கிக் கொண்ட போட்டுக்கிட்டு. பஸ்சுக்குள்ள இருந்து குமரிக கத்துங்க. “ஏ அக்கா, உள்ள எடம் கெடக்கு, ஏறிக்கோ!” இவ ஓடிக்கிட்டே, “ஏறுனா செட்டுல எறக்கி விட்டுருவீகளேடி!”ம்பா. மயினி அதே பஸ்சுல சன்னலோரம் உக்காந்துருப்பா. மருமகளத் தெரியாத மாதிரி அங்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருவா.

முந்துன தடவ ஆளெடுப்புல அவ தோத்துட்டா. மொத நாளு ஓட்டம். அதுல தேறுனவுகளுக்கு மறுநாளு தாண்டுறது, குண்டு எறியுறது. ஓட்டத்துல முன்னால வந்தவ, மறுநாளு எந்திரிச்சா காலு ரெண்டும் வெறகுக் கட்ட. தொட விண்ணு விண்ணுன்னு இருக்காம். தாண்டுனா ஒரு சாண் கொறஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தவ இந்தா சாக்கடத் தண்ணி ஓடுற இந்த வாறுகால் இருக்குல்ல, இதத் தாண்ட மாட்டாம, புருசன் தோளப் பிடிச்சுக்கிட்டு கல்லு மேல ஊண்டி ஊண்டி வந்தா. நான் இந்த வாசல்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பவும் அழுவல. எங்கிட்ட வந்து என்ன சொல்லுறா? “சின்னத்தே, அங்கன மெட்ராசுல இருந்து வந்த பந்தாட்டக்காரப் புள்ளைக, ஆட்டம் முடிஞ்சு ஐஸ் தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கி உக்காந்துருக்குக. எதுக்குன்னு கேட்டேன். மறுநாளு காலு வலிக்காதாம்.”

“சன்னி வந்து சாகப் போறாளுக”ன்னேன்.

“செஞ்சு பாத்துருவமே”ன்னா.

அடுத்த ஆளெடுப்பு வந்துச்சு. அத விட்டா அவளுக்கு வயசு தாண்டிரும். மயினி கண்டிசனாச் சொல்லிட்டா. “இந்தா பாரு, இது தான் கடேசி. தேறலன்னா ஒரு பேச்சும் பேசாம எங்கூட செட்டுக்கு வந்துரணும்.” இவளும் தலைய ஆட்டிட்டா. ஆட்டும்போது அந்தச் சுட்ட வெரலப் பெருவெரலால தேச்சுக்கிட்டே இருந்தா. அத நான் பாத்தேன்.

புருசங்காரன் அச்சடிக்கிற பிரஸ்சுல இருந்து நீலப் பேரலு ஒண்ணு வாங்கிட்டு வந்து, பாதியா அறுத்துக் குடுத்தான். நல்ல பையன், வாயி பேச மாட்டான். அதப் புளியப் போட்டுக் கழுவி, சாம்பலப் போட்டுக் கழுவி, மையி வாட போன பெறகு கொல்லையில வச்சா. ஆளெடுப்புக்கு முந்தி ஒருக்கா ஒத்திகை பாக்கணும்னு ஐஸ் கம்பெனியில சொல்லி வச்சுட்டு, விடிஞ்சதும் ஓடப் போயிட்டா.

இங்க தான் தாயி கூத்து.

மயினிக்கு அந்த வாரம் பூராம் காச்சலு, இழுப்பு. வேலைக்குப் போகல. தெருவுக்கே தெரியும். அன்னைக்குக் காச்சலு விட்டு, மாத்திர மயக்கத்துல உள்ள படுத்துருக்கா. மகன் லோடுக்குப் போயிட்டான். மருமக ரோட்டுல ஓடுறா. கதவு ஒருக்களிச்சுக் கெடக்கு. மூணு சக்கர வண்டி வருது, மேல சாக்கு, மரத்தூளு, ஐசு. ஐஸ்காரரு பாவம், காச்சக்காரி வீடுன்னு அவருக்கும் சேதி தெரியும். தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, சத்தம் போடாம வாசல்ல கட்டிகள எறக்கி வச்சுட்டு, ஒரு கும்பிடும் போட்டுட்டுப் போறாரு.

வடக்கு வீட்டுக்காரி பாத்தா. “ஐயையோ, அக்கா போயிட்டாகளே!”ன்னு ஒரு சத்தம். அம்புட்டுத் தான். நான் அரச்ச மாவுக் கையோட ஓடுறேன். தெருவே கூடிருச்சு. உள்ள போயி ஒரு எட்டுப் பாத்துருக்கணும்ல? ஒருத்தியும் போகல. ஆம்பளையாளு வரட்டும்னு வாசல்லயே வட்டமா உக்காந்து மாரடிக்கோம்.

மயினிக்கு ஒரு நாத்தனா உண்டு, அடுத்த தெருவுல. பேச்சு வார்த்த கெடையாது. ஏன்னு கேளு. ஒரு கல்யாண வீட்டுல அவளுக்கு மொதப் பந்தியில எல போடலயாம். அதுல இருந்து இவ அந்தத் தெருவுல கால் வைக்க மாட்டா, அவ இந்தத் தெருவுல கால் வைக்க மாட்டா. சேதி கேட்டதும் அவ தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வாரா, கையில ரோசாப்பூ மால. ஐஸ் கட்டி மேலயே விழுந்து ஒப்பாரி வைக்கா.

“பந்தியில எல இல்லன்னு பகையாகிப் போனேனே,
பாவி நான் வருமுன்ன பாதையத்துப் போனீகளே...”

ஒப்பாரியில அவள அடிச்சுக்க ஆளில்ல. கல்லும் கரையும். எங்களுக்கெல்லாம் நெசமாவே கண்ணீரு கொட்டுது.

அந்நேரம் மருமக ஓடி வாரா. தெருவுக்குள்ள கூட்டம், அழுக. ஐசு அவ கண்ணுல படல தாயி! அவளும் எங்கள மாதிரியே நெனச்சுட்டா. “அத்தே!”ன்னு கத்துனா பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு. எங்க எல்லாத்தையும் தாண்டிக்கிட்டு உள்ள பாயுறா. உள்ள இருந்து மயினி வெளிய வாரா, தலை அவுந்து கெடக்கு, பாயி ரேகை கன்னத்துல. ரெண்டு பேரும் நெலப்படியில முட்டிக்கிட்டாக. மயினி எங்களப் பாக்கா, ஐசப் பாக்கா, நாத்தனாளப் பாக்கா. பாத்துட்டு மொத வார்த்த என்ன கேட்டா தெரியுமா?

“ஒனக்கு எல போட்டோம்டி! நீ தான் கை கழுவப் போயிட்டு வரல!”

நாத்தனா ஒப்பாரிய நிறுத்திட்டு, “எங்க போட்டீக? கடேசியில, கொழம்பு தீந்த பெறகு போட்டீக!”ங்கா. மால கையில இருக்கு, கண்ணுல தண்ணி ஓடுது, சண்டையும் ஓடுது. கடேசியில ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. மருமக மூச்சு வாங்கிக்கிட்டே அப்பத் தான் ஐசப் பாத்தா. “ஐயோ, இது சாவுக்கு இல்ல சின்னத்தே, எங் காலுக்கு!”

சிரிச்சோம், சிரிச்சோம். ஆனா மயினி சிரிக்கல. மொகம் வெளுத்துருச்சு. “என் வாசல்ல எனக்குன்னு எறங்கிருச்சு. நாலு பேரு அழுதும் முடிச்சாச்சு. இனிமே ஐசுங்குற பேச்சு இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. தூக்கி வாறுகால்ல எறி”ங்கா.

அந்தப் புள்ள மூஞ்சி செத்துப் போச்சு. நாத்தனா தான் சொன்னா. “மயினி, உசிரோட இருக்கையில செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டி.” இவ அத அப்படியே பிடிச்சுக்கிட்டா. “ஆமத்தே! ஐசு ஒங்களுக்குத் தான வந்துச்சு? நீங்களே மொதக் காலு வைங்க. வச்சுட்டு எந்திரிச்சு வாங்க. எமன் கணக்கு அதோட தீந்துரும். செஞ்சு பாத்துருவமே!”

மயினி சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கொல்லைக்குப் போயி, ஐசு போட்ட தொட்டித் தண்ணிக்குள்ள குதிகால மட்டும் விட்டா. அவளுக்கு நெடுநாளா குதிகால் வலி, செட்டுல நின்னு நின்னு. “ஆத்தாடி, சுடுது!”ன்னு கத்துறா. ஐசு சுடுதுங்கா! கொஞ்ச நேரங் கழிச்சு சத்தத்தையே காணோம். “என்ன மயினி?”ன்னு கேட்டா, “பேசாம இரு”ங்கா.

அதுக்குப் பெறகு தான் மருமக எறங்குனா. இடுப்பு மட்டும் தண்ணியில குத்த வச்சு உக்காந்து, பல்லக் கடிச்சுக்கிட்டு, ரேடியோவுல ரெண்டு பாட்டு ஓடுற வரைக்கும். அது தான் அவ கணக்கு. நடுவுல உர வெளம்பரம் வந்தா அதச் சேக்க மாட்டா. மேலு பூராம் புல்லரிச்சு, ஒதடு ஊதாவா ஆயிருச்சு. “எப்படித்தா இருக்கு?”ன்னேன். “மொதல்ல ஊசி, பெறகு நெருப்பு, பெறகு எங் காலு எங்கிட்ட இல்ல சின்னத்தே”ன்னு சிரிக்கா. வெளிய வந்து, “தண்ணியத் தொட்டுப் பாருங்க. எங் காலுச் சூடு பூராம் அதுக்குப் போயிருச்சு”ன்னா. தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு தான் இருந்துச்சு. ஆனா அவ சொன்னதுக்குப் பெறகு சூடா இருக்குற மாதிரியும் இருந்துச்சு. அவ போன பெறகு யாருக்கும் தெரியாம நானும் ஒத்தக் கால விட்டுப் பாத்தேன்னு வையி. யம்மாடி! நம்ம ஊரு வெயிலுல பொறந்த காலு அது. ஒரு பாட்டுல பல்லவி கூடத் தாங்கல.

மறுநாளு அவ குதிச்சுக் குதிச்சுத் தாண்டுனா, வலியே இல்லன்னு. மருந்தா, மாயமா, மனசா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. “ஒருக்கா பலிச்சா நம்பப்பிடாது, இன்னொருக்கா பாக்கணும்”பா. அதுக்குள்ள மயினி தொட்டியப் பிடிச்சுக்கிட்டா. ஐசு வார அன்னைக்கு மொதக் காலு மயினிக்கு. மருமகளுக்கு ரெண்டு பாட்டு, மாமியாளுக்கு மட்டும் செய்தி முடியிற வரைக்கும்.

ஆளெடுப்பு நாளும் வந்துச்சு. மொத நாளு ஓட்டத்துல தேறிட்டா. விருதுநகருல இருந்து பஸ்சுல வந்து எறங்குறா, முள்ளு மேல எறங்குற மாதிரி. மூணு தடவ ஓட விட்டாகளாம். தொடையத் தொட்டுப் பாத்தேன், அம்மிக்கல்லு. தொட்டியில தண்ணி ரொப்பி வச்சாச்சு. ஐஸ் வண்டியக் காணோம். பொழுது சாயுது, வண்டி வரல. விசாரிச்சா, மயினி வேல பாக்குற பட்டாசுக் கம்பெனி மொதலாளி, பெரியவரு, தவறிட்டாராம். மக பம்பாயில இருந்து வரணும்னு, இருந்த ஐசு பூராம் அங்க போயிருச்சு. ஐஸ் கம்பெனியில கரண்டும் இல்ல.

அந்தப் புள்ள சுவத்துல சாஞ்சு உக்காந்து கால நீட்டி வச்சுக்கிட்டு, தன் காலையே பாக்கா. “வெறுந் தண்ணியில உக்காந்து பாக்குறேன்”ங்கா. சித்திர மாசம் தாயி. தொட்டித் தண்ணி கஞ்சி மாதிரி கொதிக்கு.

மயினி எந்திரிச்சா. கொண்டையப் போட்டா. “வா”ன்னு எங்கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா. பாத்தா, அந்த எழவு வீட்டு வாசல்ல போயி நிக்கோம்! மக வந்து சேந்து தூக்கிட்டுப் போயிட்டாக, வாசலக் கழுவி விடுறாக. கேட்டுக்கு அங்கிட்டு பிரிக்காத ஐசு சாக்கோட கெடக்கு, பக்கத்துலயே நம்ம ஐஸ்காரரு. பெரியவரோட மருமகப்பிள்ள வந்து, “என்னம்மா வேணும்?”ன்னாரு.

மயினி கும்பிட்டா. “ஐயா, மீந்த ஐசு வேணும்.”

“எழவு வீட்டு ஐசும்மா. யாருக்கு?”

“எம் மருமகளுக்கு. நாளைக்குத் தாண்டணும்.”

அவருக்கு ஒண்ணும் வெளங்கல. ஐஸ்காரரு தான் முன்னால வந்து, “சாவுக்கு இல்லங்கய்யா, காலுக்கு”ன்னாரு. அந்த மனுசன் எங்கள ஒரு மாதிரியாப் பாத்துட்டு, “எடுத்துட்டுப் போங்க”ன்னு கையக் காட்டிட்டு உள்ள போயிட்டாரு.

வண்டிக்குப் பின்னாலயே நடந்து வாரோம். “ஏ மயினி, வாசல்ல எறங்குனதுக்கே நடுங்குன. இப்ப எழவு வீட்டுல போயி வாங்கிட்டு வார, தீட்டு இல்லயா?”ன்னேன். “தீட்டு எனக்கு வரட்டும்”ன்னா. கொஞ்ச தூரம் போயி அவளே சிரிக்கா. “இவுக செட்டுக்கு அவ வந்துரக் கூடாதுன்னு இவுக வீட்டு ஐசையே வாங்கிட்டு வாரேன் பாத்தியா?” அப்பத் தான் எனக்கு அந்த மயினியத் தெரிஞ்சுச்சு. சன்னலோரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாளே, எதுக்குத் திருப்புனாளோ.

அந்தப் புள்ள சாக்கப் பிரிச்சா. மரத்தூளுக்குள்ள செவ்வந்திப் பூவு இதழ் ஒட்டிக் கெடக்கு. எடுத்துப் பாத்தா. மாமியாளப் பாத்தா. வானத்துல ஏன் நட்சத்திரம்னு கூட கேக்குறவ, அன்னைக்கு ஒரு கேள்வி கேக்கல. இதழத் தொட்டி ஓரத்துல வச்சுட்டு உள்ள எறங்கி உக்காந்துட்டா. மயினி ரேடியோவப் போட்டா.

மறுநாளு நாங்க ரெண்டு பேரும் இந்த வாசல்லயே இருக்கோம். ஒல கொதிக்கு, அரிசி போடல. பஸ்சு வந்து நிக்குது. அவ எறங்குறா. மொகத்துல ஒண்ணும் தெரியல, வெயிலு கருக்கிப் போட்டுருக்கு. மயினி இங்க இருந்தே கத்துறா. “என்னடி ஆச்சு?”

அவ அந்தா வாறுகாலுக்கு அங்கிட்டு நின்னா. கல்லு இந்தப் பக்கம் கெடக்கு, எல்லாரும் அது வழியாத் தான் வரணும். அவ செருப்பக் கழத்திக் கையில எடுத்தா. ரெண்டு எட்டுப் பின்னால போனா. ஒரே தாண்டு! வாறுகாலத் தாண்டி, நான் காயப் போட்டுருந்த வத்தலையும் தாண்டி, மயினி முன்னால வந்து நின்னா.

வத்தல மிதிக்கல தாயி. நான் அதத் தான் மொதல்ல பாத்தேன்.

பெறகென்ன, காக்கிச் சட்ட, டிரெய்னிங்கு, ஊரு ஊரா மாத்தலு. மயினியையும் கூட்டிட்டுப் போயிட்டா. இங்கன அவுக இல்லாட்டியும் ஐஸ் வண்டி தெருவுக்குள்ள நொழைஞ்சா, ஐஸ்காரரு மணி அடிக்க முந்தி நாங்க வாசல்ல நின்னு கேப்போம், “சாவுக்கா, காலுக்கா?”

அந்தா சத்தம் கேக்குதா? குழாய்ல காத்து சீறுது, தண்ணி வரப் போகுது. எந்திரி, எந்திரி. மொச்சைய மூடி வையி, கோழி கெளறிரும். அந்த நீலத் தொட்டிய இங்கன இழு. ஆமா, அதே தொட்டி தான், போகும்போது எனக்குன்னு விட்டுட்டுப் போனா. ஏ, மெதுவா இழு! காலப் பாத்து வையி.